எங்கட ஊர் முகம்

செத்தவர்களுக்குக் கோட் போட்டு விடுவதில் டினோஷாவை வெல்ல மட்டக்களப்பு நகரத்தில் ஆளில்லை. உயிரோடு இருந்த காலத்தில் இடுப்புச் சாரத்தைத் தவிர வேறொன்றும் அறியாத மனிதர்களை நீலக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக மாற்றி, மரண அறிவித்தலின் நடுவில் கம்பீரமாக இருத்திவிடுவாள். வீட்டார் கொண்டு வருவது பெரும்பாலும் அடையாள அட்டையில் உள்ள படமாகத்தான் இருக்கும். பொலிசுக்காரனைக் கண்டவர்போல அதில் ஒரு முழி முழித்துக்கொண்டிருப்பார். அதைப் பெரிதாக்கி, நரையை மறைத்து, கன்னத்துக் குழியை நிரப்பி, கண்ணுக்குள் ஒரு பொட்டு வெளிச்சத்தை வைத்தால், சாகிற எண்ணமே இல்லாத ஆளாகச் சிரிப்பார். பெண்கள் என்றால் பட்டுச்சேலையும் சங்கிலியும். அடகுக் கடையில் கிடந்த சங்கிலிகூட டினோஷாவின் கையால் கழுத்துக்குத் திரும்பி வந்துவிடும்.

படம் முடிந்தால் பெயர்கள். சண்டை தொடங்குவது அங்கேதான். பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் லண்டன், கனடா, கட்டார் என்று அவரவர் இருக்கும் நாட்டைப் போடுவது இங்கே பழக்கம். ஊரிலேயே இருந்து, தகப்பனைக் குளிப்பாட்டி, கஞ்சி பருக்கி, கடைசிவரை பார்த்த மகளின் பெயருக்குப் பக்கத்தில் போட ஒன்றும் இராது. அப்படியான கல்லடிப் பெண் ஒருத்தியிடம், "கல்லடி எண்டு போடட்டா அக்கா?" என்று டினோஷா கேட்டிருக்கிறாள். அவள் வெட்கப்பட்டு, வேண்டாம் என்று தலையாட்டினாள்.

நாடு கையில் காசில்லாமல் வங்குரோத்தான வருசம் இந்தத் தொழிலுக்கும் கேடு வந்தது. பேப்பர் கப்பலில் வரவில்லை. மை வரவில்லை. கரண்ட் வரும் நேரத்துக்கு ஆள் வருவதில்லை, ஆள் வரும் நேரத்துக்குக் கரண்ட் இல்லை. அச்சகம் வைத்திருந்த நல்லரத்தினம் நல்ல மனிதர். ஒருநாள் காலையில் அவளைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னபோதே அவளுக்கு விளங்கிவிட்டது.

"தங்கச்சி, நான் சுத்தி வளைக்கல்ல. கலியாணக் காட் எல்லாம் இப்ப போனில அனுப்புறாங்க. திருவிழா நோட்டீசும் இல்ல. செத்த வீடு மட்டுந்தான் வருது. அப்பிடி வந்தா நான் கோல் எடுக்கிறன், நீ வா. மத்த நாளில வீட்ட இரி."

"அப்ப ஆரும் செத்தாத்தான் எனக்கு வேலையா அண்ணன்?"

"எனக்கும் அப்பிடித்தான் புள்ள," என்றார் அவர்.

அதற்குப் பிறகு அவள் மனத்தில் ஒரு பேய் குடியேறியது. கல்லடியில் அவர்கள் வீட்டு ஒழுங்கை தெருவோடு சேரும் முடக்கில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் நெஞ்சுச் சளியோடு சாய்மனைக் கதிரையில் கிடப்பார். ஒருநாள் அவரைக் கடந்து போகும்போது, இவருக்குச் சாம்பல் நிறக் கோட்தான் எடுப்பாக இருக்கும் என்று டினோஷா நினைத்துவிட்டாள். நினைத்த பிறகுதான் என்ன நினைத்தோம் என்று தெரிந்தது. வாத்தியார் இருமலுக்கு நடுவில், "புள்ள சுகமா?" என்று கேட்டார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சிலுவை போட்டுக்கொண்டாள். ஆனாலும் மறுநாள் போன் அடித்தபோது, நல்லரத்தினமாக இருக்க வேண்டும் என்றுதான் ஓடிப்போய் எடுத்தாள்.

எடுத்தால் தக்ஷாயினி. கரடியனாற்றுக்காரி, டவுனில் டிசைன் படித்த காலத்தில் இவளோடு ஒரே வாங்கில் இருந்தவள். உரம் இல்லாமல் வயல்வட்டை முழுக்கப் பதராய்ப் போன வருசம், வயலை நம்பினால் சரிவராது என்று டவுனுக்கு வேலைக்கு வந்துவிட்டாள். நேரில் கதைக்க வேண்டும் என்றாள். அன்று பின்னேரமே, கச்சான் காற்று மண்ணை வாரி அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சைக்கிளில் வந்து இறங்கினாள்.

"பகிடி இல்லகா டினோ. மாதச் சம்பள வேலை. இன்வெட்டர் இரிக்கி, கரண்ட் போனாலும் கொம்பியூட்டர் நிக்காது. மத்தியானச் சாப்பாடும் தருவாங்க."

"இந்த நேரத்தில ஆருகா வேலைக்கு ஆள் எடுக்கிற?"

"இந்த நேரத்திலதான் எங்களுக்கு வேலை. ஏஜென்சி. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புற. பதிஞ்ச ஏஜென்சி, கள்ளமில்ல. பேஸ்புக், பெனர், நோட்டீஸ் எல்லாத்துக்கும் ஒரு டிசைனர் வேணுமாம். நான் உன்ட பேரச் சொல்லிப் போட்டன்."

"ஆர அனுப்புற?"

தக்ஷாயினி தண்ணீரைக் குடித்து முடித்தாள். "பொம்புளையளத்தான் கூட," என்றாள்.

"வீட்டு வேலைக்கு."

"ஓம். உனக்குத் தெரியாததா."

தெரியாமல் என்ன. கடல் எழும்பி வந்து தகப்பனையும் வீட்டையும் கொண்டு போனபோது டினோஷாவுக்கு எட்டு வயது. அதற்கடுத்த வருசம் அம்மா இமெல்டா குவைத்துக்குப் போனாள். அங்கே பதினொரு வருசம். இங்கே டினோஷாவைப் பெரியம்மா வளர்த்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை, நன்றாகத்தான் வளர்த்தாள். ஆனால் பெரியபிள்ளையானபோது தலைக்குத் தண்ணீர் வார்த்தது பெரியம்மா. அம்மா அதை சீடியில் பார்த்துவிட்டு, போனில் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தாள். அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்த நாளில் விமான நிலையத்தில், வருகிற பெண்களில் யார் தன் தாய் என்று டினோஷா தேடினாள். பெரியம்மாதான் காட்டிக்கொடுத்தாள். அந்த வெட்கம் தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இன்னும் இருக்கிறது. இரண்டு பேரும் அதைத் தொடாமல் சுற்றி நடந்துகொள்வார்கள்.

வந்தவள் கையோடு கொண்டு வந்தது இந்த வீடு. நிலத்துக்கு மாபிள், முன்னுக்கு வளைவு வைத்த விறாந்தை. அடுத்த வருசமே அதை மகளுக்கு எழுதி, அவளை றோய்க்குக் கட்டிக்கொடுத்தாள். மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் தாய் அடுப்படிக் குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வது இந்தப் பகுதியின் முறை. பதினொரு வருசம் அடுத்தவர் வீட்டுக் குசினியில் கிடந்தவள், தான் கட்டிய வீட்டிலும் குசினிச் சாய்ப்பில்தான் பாயைப் போட்டாள். பெரிய அறையில் ஒருநாளாவது படுத்துப் பார்த்ததில்லை. அதைச் சொன்னால், "எனக்குக் குசினிதான் சுகம், அங்கதான் காத்து வருது," என்பாள்.

றோய் கடற்றொழிலாளி. கல்லடிக் கடற்கரையில் பைபர் தோணியும் எஞ்சினும் வைத்திருந்தான். எஞ்சினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் போனதிலிருந்து தோணி மணலில் கவிழ்ந்து கிடந்தது. இவனைப் போன்றவர்கள் எல்லாரும் சிறு தோணிகளை இரவல் வாங்கிக்கொண்டு, ஊரார் ஆறு என்று சொல்லும் வாவிக்குள் இறங்கினார்கள். இத்தனை பேருக்கும் கொடுக்க வாவியிடம் மீன் இல்லை. தக்ஷாயினி வந்துபோன மறுநாள் மத்தியானம் றோய் கொண்டு வந்தது ஒரு கைச் சிரங்கை கூனி இறால்.

இமெல்டா மரவள்ளிக் கிழங்கு அவித்து, செத்தல் மிளகாய் இடித்து வைத்திருந்தாள். கூனியை உடனே கழுவி, தேங்காய்ப்பூப் போட்டு வறுத்தாள். எல்லாரும் குசினி நிலத்தில் இருந்தார்கள். நாலு வயது றொஷேல் தகப்பனின் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து கூனியைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆத்துக்குள்ள தோணிக்கு மேல தோணி," என்றான் றோய். "ஆத்துக்காரனுக்கு எங்களக் கண்டாப் பேய் புடிக்கிது. ஒருத்தன் வலைய அறுத்துப் போடுவன் எண்டான்."

"அவன் சொல்லுறதிலயும் நாயம் இரிக்கிதானே மருமகன். காலங்காலமா அவன் தொழில் செய்யுற இடம்," என்றாள் இமெல்டா.

"அப்ப நான் என்ன செய்யுற மாமி? எண்ணெய்ச் செட்டில லைனில நிண்டு நிண்டு எனக்குக் காலும் வீங்கிட்டு."

டினோஷா அந்த நேரம் பார்த்துத்தான் வேலையைப்பற்றிச் சொன்னாள். என்ன ஏஜென்சி, என்ன வேலை என்பதை மறைக்கவில்லை. றோய் கிழங்கைப் பிசைவதை நிறுத்தினான்.

"அந்த வேலை வேணா."

"என்னத்துக்கு வேணா?" என்று கேட்டது டினோஷா அல்ல, இமெல்டா.

"மாமி, நீங்க போய்ப் பட்டது காணாதா? மத்தப் புள்ளையளயும் அனுப்புறதுக்கு இவள் படம் கீறணுமா?"

"நான் என்ன பட்டனான் எண்டு உங்களுக்கு எப்பயும் சொன்னனானா?"

றோய் மறுபடி கிழங்கைப் பிசைந்தான். அவள் சொன்னதில்லை என்பது உண்மை. பதினொரு வருசத்தைப்பற்றி அவள் சொன்னதெல்லாம், அங்கே கத்தரிக்காய் பெரிசு, பாண் மெல்லிசு, வெயில் கண்ணைக் குத்தும் என்பவைதான்.

"எனக்கும் மனசில்ல அம்மா," என்றாள் டினோஷா. "நீங்க போகக்குள்ள நான் நாலாம் வகுப்பு. எயாப்போட்டில உங்கள எனக்கு மட்டுக்கட்ட ஏலாமப் போச்சு. நான் அடிக்கிற பெனரப் பாத்து ஒருத்தி புள்ளைய உட்டுப்போட்டுப் போனா, அந்தப் பாவம் ஆருக்கு?"

விமான நிலையத்தைப்பற்றி அவள் வாய்திறந்தது அதுதான் முதல் தடவை. இமெல்டா அதைக் கேட்காதவள்போல மருமகனுக்கு இன்னொரு துண்டு கிழங்கு வைத்தாள்.

"நான் போகக்குள்ள ஒரு பெனரும் இரிக்கல்ல மகள். பெனர் பாத்தா நான் போன? நீ அடிக்காட்டி இன்னொருத்தன் அடிப்பான். போறவள் போவாள்."

"அது எனக்குத் தெரியும். ஆனா என்ட கையால..."

"சரி, வேணா. மறுகா?"

"மறுகா எண்டா?"

"மறுகா என்ன செய்யுற எண்டு கேக்கிறன். நல்லரத்தினத்தார் கூப்பிட்டு இந்த மாசம் எத்தின தரம் போனாய்? மருமகன்ட எஞ்சின் துருப்புடிக்கிது. புள்ளைக்குப் பால்மா இல்ல. இப்பிடியே போனா வாற வரிசம் என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். ஆம்புளையளக் கேக்க மாட்டானுகள், பொம்புளையளத்தான் கேப்பானுகள். எனக்கு வயசு போயிட்டு, என்ன எடுக்க மாட்டானுகள். நீதான் பாஸ்போட் எடுக்கப் போவாய்."

"நான் போகமாட்டன்."

"நானும் அப்பிடித்தான் சொன்ன. உன்ன மடியில வச்சுக்கொண்டு, பெரியம்மாக்கிட்டச் சொன்ன." இமெல்டா கையைக் கழுவினாள். "பெனர் அடிக்கிறவள் வீட்டில இரிப்பாள் மகள். பெனரப் பாக்கிறவள்தான் போவாள். நீ எதில நிக்கப் போறாய் எண்டு யோசி."

றோய் எழும்பி வெளியே போய்விட்டான். மறுபடி மறுக்காததே அவனுடைய சம்மதம் என்று டினோஷாவுக்குத் தெரியும். ஒரு ஆம்பிளைக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதும் தெரியும். றொஷேல் காலியான கோப்பையைக் காட்டி, கூனி முடிந்துவிட்டது என்றாள். டினோஷா தன் பங்கை அவளுக்குக் கொடுத்தாள். உள்ளதைச் சொன்னால், அப்போது அவள் ஊரில் உள்ள பெண்களையோ அவர்களின் பிள்ளைகளையோ நினைக்கவில்லை. வேறொருத்தி இந்தப் பிள்ளையின் தலையில் தண்ணீர் வார்ப்பதைத்தான் நினைத்தாள். கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு தக்ஷாயினிக்குக் கோல் எடுத்து, "வாறன் எண்டு சொல்லு," என்றாள். சொன்னதும் நெஞ்சு லேசானது. அப்படி லேசானதற்காக அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

ஏஜென்சி டவுனில் ஒரு மாடிக் கட்டடத்தில் இருந்தது. பொறுப்பாக இருந்த ஜெயந்தன் சத்தம் போடாத மனிதன். வருகிற பெண்களை அக்கா, தங்கச்சி என்று மரியாதையாகக் கதைப்பான், தேத்தண்ணி கொடுக்கச் சொல்வான். கெட்டவனாக இருந்திருந்தால் டினோஷாவுக்கு வசதியாக இருந்திருக்கும். கீழே படிக்கட்டில் காலையிலிருந்தே பெண்கள் வரிசையாக இருந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி, தலையைக் குனிந்தபடி மேலே ஏறிப் போவாள்.

முதல் பெனருக்கு இன்ரநெற்றில் எடுத்த ஒரு படத்தை வைத்தாள். வெள்ளைச் சட்டை போட்ட பெண் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். ஜெயந்தன் பார்த்துவிட்டு நாடியைத் தடவினான்.

"வடிவா இரிக்கி. ஆனா இவள எங்கட ஆளெண்டு ஆரும் நம்ப மாட்டாங்க. எங்கட ஊர் முகம் வேணும் டினோஷா. போய் உழைச்சு, வீடு கட்டி, புள்ளையக் கரை சேத்த ஒராள். அப்பிடி ஆரும் தெரியுமா?"

தக்ஷாயினி நிமிர்ந்து டினோஷாவைப் பார்த்தாள். பார்த்ததோடு நின்றிருக்கலாம். "டினோட அம்மா இரிக்காதானே," என்றாள்.

"அம்மா வரமாட்டா," என்றாள் டினோஷா.

வீட்டில் அதைப்பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் தக்ஷாயினிக்கு மனதில் ஒன்றும் தங்காது. சந்தையில் இமெல்டாவைக் கண்டபோது சொல்லிவிட்டாள். அந்தக் கிழமையே ஒருநாள் காலையில் இமெல்டா மாடிப்படி ஏறி வந்தாள். மகளின் கலியாணத்துக்குக் கட்டிய வான்நீலச் சேலை, முகத்துக்கு நிறையப் பவுடர்.

"நான் வரமாட்டன் எண்டு சொன்னியாம். என்னட்டக் கேக்கல்லயே மகள்."

"அம்மா, வீட்ட போங்க."

"வேலைக்கு வந்த கையோட முதலாளி கேக்கிறத இல்லயெண்டு சொன்னா, அடுத்த மாசம் உன்ன வச்சிரிப்பாங்களா? எங்க நிக்கிற எண்டு கேட்டுச் சொல்லு."

ஜெயந்தன் அவளை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தினான். கையில் ஒரு பூட்டுத் திறப்பைக் கொடுத்து, "வீட்டுத் திறப்பு எண்டு நினைச்சுக்கொண்டு உயத்திக் காட்டுங்க அம்மா," என்றான். அவளும் உயர்த்தினாள். சிரிக்கச் சொன்னபோது சிரித்தாள். அம்மாவுக்கு இப்படியும் ஒரு சிரிப்பு இருக்கிறது என்று டினோஷா அன்றுதான் கண்டாள். அது அங்கே, யாருக்கோ, சிரித்துச் சிரித்துப் பழகிய சிரிப்பாக இருக்க வேண்டும்.

படத்தைக் கொம்பியூட்டரில் ஏற்றியபோது இமெல்டா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துகொண்டாள். மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். டினோஷா கண்ணுக்குக் கீழே இருந்த கருமையை நீக்கினாள், நரையை மறைத்தாள். செத்தவர்களுக்குச் செய்த அதே வேலைதான். ஆனால் செத்தவர் எவரும் பக்கத்தில் இருந்து பார்த்ததில்லை. முகம் முடிந்து கைக்கு வந்தாள். திறப்பை உயர்த்தியபோது சட்டைக் கை மேலே ஏறியிருந்தது. முழங்கைக்குக் கீழே, உள்பக்கத்தில், பழைய சூட்டுக் காயம் ஒன்று.

அம்மா எப்போதும் நீளக் கைச் சட்டைதான் போடுவாள். எப்போதாவது குளிக்கும்போது கண்டு கேட்டால், எண்ணெய் தெறித்தது என்பாள். டினோஷா அதைப் பெரிதாக்கினாள். எண்ணெய் தெறித்தால் பொட்டுப் பொட்டாக இருக்கும். இதற்கு ஒரு கூர் முனை இருந்தது. அந்த முனையிலிருந்து இரண்டு பக்கமும் ஒரேயளவாக விரிந்தது. நாள் முழுக்க வடிவங்களோடு பிழைக்கிறவளுக்கு அது என்னவென்று அறிய நேரம் எடுக்கவில்லை.

"அம்மா, இது எண்ணெய் பட்டதில்லயே."

இமெல்டா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அத எடுத்திரு மகள்," என்றாள்.

"என்ன நடந்த?"

"அது இரிந்தா ஆரும் போக மாட்டாளுகள். எடுத்திரு."

"போகாட்டி நல்லந்தானே."

"உனக்கு நல்லமா?"

அப்போதே எழுந்து போயிருக்கலாம் என்று பிற்பாடு டினோஷா எத்தனையோ தடவை நினைத்தாள். எழும்பவில்லை. பக்கத்தில் இருந்த நல்ல தோலில் கொஞ்சம் எடுத்துக் காயத்தின்மேல் வைத்தாள். பிறகு இன்னும் கொஞ்சம். ஓரங்களைத் தேய்த்து, நிழலைச் சரிபண்ணினாள். அவளுக்குத் தெரிந்த வேலை அது, சுத்தமாக வந்தது. கண்ணீர் விசைப்பலகையில் விழுந்தபோது சேலைத் தலைப்பால் அதைத் துடைத்தது இமெல்டாதான்.

முடிந்த பிறகு இமெல்டா முன்னுக்குச் சாய்ந்து அந்தக் கையை வடிவாகப் பார்த்தாள்.

"நல்லாரிக்கி," என்றாள். "நான் போகக்குள்ள இப்பிடித்தான் இரிந்திச்சு."

பெனரைக் கல்லடிப் புதுப் பாலத்தடியில் கட்டினார்கள். டவுனுக்குப் போகிறவர்கள் எல்லாரும் இமெல்டாவைப் பார்த்துக்கொண்டுதான் போனார்கள். கோயிலில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள், சிலர் கிட்ட வந்து கதைத்தார்கள். ஒழுங்கைப் பெண்கள் வீடு தேடி வரத் தொடங்கினார்கள். இமெல்டா யாருக்கும் பொய் சொல்லவில்லை. இரண்டாவதாக வேலை செய்த வீட்டு மனுசி தங்கமான ஆள், தனக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் இருந்து பார்த்தாள் என்பாள். அது உண்மை. முதல் வீட்டைப்பற்றி யாரும் கேட்கவும் இல்லை. றோய் மட்டும் அந்தப் பாலத்தால் போவதை நிறுத்தி, பக்கத்துப் பழைய பாலத்தால் போய் வந்தான்.

டினோஷாவின் முதல் சம்பளத்தில் றொஷேலுக்குப் பால்மா வந்தது. வீட்டில் திரும்பவும் ஒழுங்காகச் சோறு ஆக்கினார்கள். சோறு உள்ளே போனால் மனச்சாட்சி கொஞ்சம் கண்ணயரும் என்பார்கள். டினோஷாவுக்கு அப்படித்தான் இருந்தது, சர்மிலா வரும்வரை.

சர்மிலா மூன்று வீடு தள்ளி இருப்பவள். சின்ன வயதிலிருந்து டினோஷாவை அக்கா என்று ஒட்டிக்கொண்டு திரிந்தவள். புருசன் மேசன், சீமெந்து இல்லாமல் ஊரில் ஒரு கட்டடமும் எழும்பவில்லை. அவளுடைய மகளும் றொஷேலும் ஒரே பாலர் பள்ளி. டினோஷா வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் அவள் பின்கதவால் குசினிக்கு வந்தாள். இமெல்டா முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள். டினோஷா உள் அறையில் றொஷேலுக்குத் தலை சீவி இழுத்துக்கொண்டிருந்ததால் வெளியே வரவில்லை. ஆனால் எல்லாம் கேட்டது.

"மாமி, எனக்கு விசா வந்திட்டு. வாற கிழமை போறன்."

இலை உருவும் சத்தம் நின்றது. "ஏன் புள்ள? அவனுக்கு எங்கயும் வேலை வராதா?"

"எங்க வாற? பாத்துப் பாத்துக் களைச்சுப் போனம்."

"புள்ள?"

"அம்மா பாப்பா. அழுவாள்தான். நாலு நாளைக்கு அழுவாள்."

நாலு நாள் இல்லை என்று சொல்ல அந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் சொல்லவில்லை.

"பெனரப் பாத்தா போறாய்?" என்று கேட்டாள் இமெல்டா.

"அதப் பாத்து என்ன மாமி. உங்கட கை எனக்குத் தெரியாதா? நீங்க குவைத்தால வந்த புறகு கிணத்தடியில உங்களோட எத்தின தரம் குளிச்சிரிக்கன். பெனரில கை வடிவா இரிக்கி எண்டு இவர் சொன்னார். நான் சிரிச்ச." சர்மிலா இப்போதும் சிரித்தாள்போல இருந்தது. "தெரிஞ்சுதான் மாமி போறன். வீட்டில இரிந்து என்னத்தத் திங்கிற?"

டினோஷாவின் கையில் சீப்பு நின்றுவிட்டது. யாரையும் ஏமாற்றவில்லை என்று ஆறுதல்பட இடமிருந்தது. ஆனால் ஆறுதல் வரவில்லை. வந்தது பயம்.

குசினியில் இமெல்டா குரலைத் தாழ்த்தினாள். சமையல் சொல்லிக் கொடுக்கிறவள்போல, ஒரே சீராகச் சொன்னாள்.

"அப்ப நான் சொல்லுறதக் கேளு. உடுப்பு அயன் பண்ணி முடிஞ்ச உடன வயரக் கழட்டு. அயன் பெட்டிய மேசையில வச்சுப்போட்டு அங்கால போகாத. சூடு ஆறுமட்டும் உன்ட கையிலயே வச்சிரி. மனுசி கேட்டாலும் குடுக்காத. கோபத்தில நிக்கிற ஆள் கேட்டா ஒருக்காலும் குடுக்காத. ஆறின புறகு குடு."

"ஓம் மாமி."

"கத்திக் குழறினாலும் பக்கத்து வீட்டுக்குக் கேக்காது. ஜன்னல் எல்லாம் பூட்டி ஏசி போட்டிரிப்பாங்க. அதால முன்னுக்கே கவனமா இரிக்கணும்."

"ஓம்."

"திருப்பிச் சொல்லு பாப்பம்."

சர்மிலா திருப்பிச் சொன்னாள். வயரைக் கழட்டுவதை மறந்துவிட்டாள். இமெல்டா திருத்தினாள். மறுபடி சொல்லச் சொன்னாள்.

இத்தனை வருசமாக மகள் கேட்டும் கிடைக்காத கதையை அம்மா அயல்வீட்டுப் பெட்டைக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். போகிறவளுக்குத்தான் அது தேவைப்பட்டது. டினோஷா வீட்டில் இருப்பவள், அவளுக்குத் தேவையில்லை. அவள் வீட்டில் இருக்கவேண்டும் என்றுதான் அம்மா அந்தக் கையைக் கொண்டுபோய்ச் சுவருக்கு முன்னால் உயர்த்தினாள்.

"அம்மா, இழுங்க," என்றாள் றொஷேல். டினோஷா பிள்ளையின் தலையைப் பின்னி முடித்தாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, முன்கதவால் போகலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு குசினிப் பக்கமாகவே வந்தாள். சர்மிலா எழும்பி நின்றாள்.

"அக்கா வேலைக்கு வெளிக்கிட்டாச்சா?"

"ஓம்."

"நேரம் போகுது, போங்க. நானும் பின்னேரம் உங்கட ஏஜென்சிக்கு வரணும், கையெழுத்து ஒண்டு வைக்க இரிக்காம்."

"வா," என்றாள் டினோஷா. "நான் இரிப்பன்."